தமிழ் நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வகுப்பாசிரியையிடம் எப்படிப் பேசுவது?

தெற்குக்கரை வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இது இரண்டாவது வருஷம். பள்ளியின் பெயர் வேண்டாம். தீவு சின்னது, யாரைக் கேட்டாலும் யாருக்காவது சொந்தமாக இருப்பார்கள்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே தமிழ் விருப்பப் பாடம். மொழி நேரத்துக்கு மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் நாலு பக்கமும் பிரிந்து போவார்கள். இந்தி ஒரு அறை, உருது ஒரு அறை, தமிழ் ஒரு அறை, 2012-லிருந்து தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கும் ஓர் இடம். மற்றப் பாடங்களை எல்லாம் வகுப்பாசிரியர் ஒருவரே நடத்துவார். என்னைப் போன்ற மொழி ஆசிரியர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும். எனக்குக் கொடுத்திருக்கும் 'அறை' நூலகத்தின் பின்பாதி. நடுவில் ஓர் அலமாரி, அதுதான் சுவர்.

பிரச்சினை ஆறாம் கிரேடில். அங்கே எனக்கு 9 பிள்ளைகள். வருஷக் கடைசியில் தொடக்கப்பள்ளிச் சாதனைச் சான்றிதழ் தேர்வு வருகிறது. 2017-இல் சிபிஈ என்ற பழைய தேர்வை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தார்களே, அதுதான். பெயர் மாறினாலும் பெற்றோரின் படபடப்பு மாறவில்லை. இரண்டாம் பருவம் தொடங்கியதிலிருந்து நான் வகுப்பு வாசலில் போய் நிற்பேன், வகுப்பாசிரியை திரும்பிக்கூடப் பார்க்காமல் "தி மினித், மிஸ்யே" என்பார். பத்து நிமிஷம் என்று அர்த்தம். அந்தப் பத்து இருபதாகும். சில நாள் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் அசைப்பார், இன்றைக்கு விட்டுவிடு என்று. 6 வாரத்தில் 11 தமிழ் நேரம் இப்படிப் போயிற்று. நோட்டில் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

வாசலில் நிற்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கையில் எழுத்து அட்டைப் பெட்டி. உள்ளே என் ஒன்பது பேரும் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் மிஸ்ஸைப் பார்ப்பார்கள், அப்புறம் குனிந்து பின்னக் கணக்குப் போடுவார்கள். தமிழ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நான் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்று. யார் விடுப்பு எடுத்தாலும் துணைத் தலைமையாசிரியர் என்னைத்தான் அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார். "தமிழ்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்."

மூன்றாவதாக, என் தொழிலில் நான் எப்படி வளர்வது? மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்தேன். நடுவில் ஒரு நாள் பயிற்சிப் பட்டறை, மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஒரு கோப்பு கொடுத்தார்கள். அது வீட்டில் தொலைக்காட்சிக்கு அடியில் கிடக்கிறது. பள்ளியில் வேறு தமிழ் ஆசிரியர் இல்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்கூடச் சொல்ல ஆள் கிடையாது.

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி நாலு முறை கிழித்துப் போட்டுவிட்டேன். கொடுக்கலாமா? ஆசிரியர் சங்கத்திடம் போகலாமா? இல்லை, சும்மா இருப்பதுதான் புத்தியா?

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

தம்பி, 32 வருஷம் இந்த வேலையைச் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் எழுதுகிறேன். கடிதத்தை நாலு முறை கிழித்தாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. நான் கிழிக்கவில்லை, கொடுத்துவிட்டேன்.

அப்போது ரோஸ்ஹில் பக்கம் ஒரு பள்ளி. மழை இல்லாத நாளில் பாதாம் மரத்தடியில்தான் தமிழ் வகுப்பு. நாலாம் வகுப்பு ஆசிரியை இதே வேலையைச் செய்தார். நான் மூன்று பக்கம் எழுதித் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தேன். அவரும் நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, தமிழ் நேரம் தமிழுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து மணி அடித்த அதே நொடியில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். கிடைத்தது நேரம். ஆனால் ஒரு வருஷம் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி காலி. டோல் பூரி வாங்கி வந்து பங்கு போடுவார்கள், என் வரைக்கும் வரும்போது பொட்டலம் தீர்ந்திருக்கும். அதைவிட மோசம், என் பிள்ளைகளில் யாருக்குக் கண் சரியில்லை, யார் வீட்டில் அப்பா இல்லை, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பது எதையும் அந்த ஆசிரியை என்னிடம் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் அவரிடம்தான் இருந்தது.

1998 ஞாபகம் இருக்கிறதா? நீ பிறந்திருந்தாலும் குழந்தைதான். புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்துவிட்டார்கள். நாம் எல்லாரும் எழுந்து நின்றோம், நோட்டையே திரும்பப் பெற்றார்கள். நியாயமான கோபம். ஆனால் அதற்கப்புறம் நம்மில் பலருக்கு எதைப் பார்த்தாலும் நோட்டுச் சண்டை மாதிரியே தெரியும். உன் விஷயம் நோட்டுச் சண்டையா, கால அட்டவணைச் சண்டையா என்று முதலில் பார். அந்த அம்மாளுக்குத் தமிழ் மேல் கோபமா, பின்னக் கணக்கு முடியவில்லை என்ற பயமா?

ஒரு கேள்வி. உன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்ப அவர் அறைக்குப் போய்ச் சேரும்போது மணி எத்தனை? சரியாகப் பார்த்துச் சொல்.

இன்னொன்று, செய்து பார். உனக்கு ஓய்வு நேரம் இருக்கும்போது, "மிஸ், உங்கள் கணக்கு வகுப்பில் பின்னால் உட்காரலாமா?" என்று கேள். நோட்டும் பேனாவும் கொண்டுபோகாதே. பின்பெஞ்சில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்தால் மேலதிகாரி வந்த மாதிரி இருக்கும், யாருக்கும் கை நடுங்கும்.

கறிவேப்பிலை

அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேரம் இவருடையது. தன் நேரத்தைத் திருப்பிக் கேட்க ஒருவர் ஏன் பின்பெஞ்சில் போய்க் கைகட்டி உட்கார வேண்டும்? இந்தி ஆசிரியரிடம் இப்படி ஜன்னல் வழியாகக் கை அசைப்பார்களா? 11 நேரத்துக்கும் தேதி இருக்கிறது அல்லவா, எழுத்தில் கொடுங்கள். பணிவாகவே எழுதலாம்.

உங்களை நிரப்புக்கல்லாகப் பயன்படுத்தும் துணைத் தலைமையாசிரியரைப் பற்றியும் அதிலேயே எழுதுங்கள்.

ஆறாம் கிரேடு அக்கா

வாத்தியார் திட்டும் ஆளின் இடத்தில் இருப்பவள் நான். வேறு பள்ளி, வேறு ஊர். தமிழ் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் பொது வகுப்பாசிரியை. நானும் "தி மினித்" சொல்லியிருக்கிறேன். அதனால் உள்ளே இருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வகுப்பில் 31 பேர். ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் என் தலையில். மொழி நேரம் என்றால் என் வகுப்பு நாலாக உடைகிறது. போகும்போது எல்லாரும் ஒன்றாகப் போகிறார்கள், திரும்பும்போது நாலு தவணையாக வருகிறார்கள். இந்திக்காரர்கள் வந்துவிட்டார்கள், உருதுக்காரர்கள் வந்துவிட்டார்கள், தமிழ்க்காரர்கள் மட்டும் இன்னும் மைதானத்தில். பாடம் தொடங்க முடியாது. தொடங்கினால், வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை. தினம் எட்டு நிமிஷம் என்றால் ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, சரி, நீ எட்டு எடுத்தால் நான் பத்து எடுக்கிறேன் என்று ஆரம்பித்ததுதான். எங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியருக்கு இது இன்றுவரை தெரியாது. அவரும் தன் நோட்டில் தேதி குறித்துக்கொண்டிருப்பார் போலும்.

இரண்டாவது, பெற்றோர். பள்ளி வாசலில் என்னைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் யாரும் ழகரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கணக்கில் எத்தனை என்றுதான் கேட்பார்கள். அதே பெற்றோர் கோவிலில் உங்களைப் பார்த்தால், பிள்ளை தேவாரம் பாட வேண்டும் வாத்தியாரே என்பார்கள். இரண்டு பேரிடமும் இரண்டு விதமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடுவில் நாம் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்போம்.

கறிவேப்பிலை சொல்வதில் ஒரு பாதி சரி. வாசலில் நிற்க வைப்பது மரியாதை இல்லை. அதை நேரில் சொல்லுங்கள், ஆனால் வாசலில் வேண்டாம், பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால், அவர் பையை வைத்துவிட்டு ஜன்னல் திறக்கும் நேரம் இருக்கிறதே, அப்போது. அந்த நேரத்தில் எந்த ஆசிரியருக்கும் கோபம் வராது, அதற்கு நாள் முழுக்க இருக்கிறது.

தெற்குக்கரை வாத்தியார்

அக்காமார் இருவருக்கும் நன்றி. இன்று கடிகாரம் பார்த்தேன். தமிழ் நேரம் முடிந்து 7 நிமிஷம் கழித்துத்தான் என் பிள்ளைகள் மிஸ் வகுப்புக்குள் நுழைந்தார்கள். நேற்று 9. வீட்டுப்பாடம் எழுதிக்கொள்ளச் சொல்வதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். அப்புறம் அட்டைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அப்புறம் நூலகத்திலிருந்து மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும், வழியில் தண்ணீர்க் குழாய், அங்கே ஒரு திருவிழா.

என் நோட்டில் இந்தக் கணக்கு இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

டர்பன்காரன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து வணக்கம். என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள், பாட்டியிடமும் கோவில் வகுப்பிலும் கற்ற தமிழ். டர்பன் பக்கம் பீனிக்ஸில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தமிழ். அதனால் நான் இரண்டு கட்சியும்தான்.

உங்களுக்குத் தமிழ் ஆசிரியர் என்று அரசுச் சம்பளம், கால அட்டவணையில் கட்டம், பாடப்புத்தகம் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு 2014-இல்தான் கல்வித் துறை தமிழையும் இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருதுவோடு இரண்டாம் கூடுதல் மொழியாகப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. காகிதத்தில் வந்துவிட்டது. வகுப்பில் வர ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். என் பள்ளியில் இன்னும் வரவில்லை. வாசலில் நிற்க ஒரு வாசல் இருக்கிறதே என்று உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொழில் வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஆசிரியர் மன்றம் இருக்கிறது, சேஸ் என்று சொல்வோம். ஒவ்வோர் ஆசிரியரும் மூன்று வருஷச் சுற்றில் 150 புள்ளி சேர்க்க வேண்டும். நீங்களே முயன்று செய்வது ஒரு வகை, பள்ளி ஏற்பாடு செய்வது ஒரு வகை, வெளியார் நடத்துவது ஒரு வகை. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடப்பது என்ன? சுற்று முடியும் சமயத்தில் ஆசிரியர் அறையில் எல்லாரும் இணைய வழிக் கருத்தரங்கில் சேர்ந்து, ஒலியை அணைத்துவிட்டு, விடைத்தாள் திருத்துகிறோம். சான்றிதழ் வந்துவிடும். நானும் செய்திருக்கிறேன்.

நான் உண்மையிலேயே கற்றுக்கொண்டது பக்கத்து அறையிலிருந்து. எங்கள் பள்ளியில் இப்போது பாதிக்கு மேல் பிள்ளைகள் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். ஒரு ஜூலு ஆசிரியை இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் வகுப்புக்குள் நுழைந்து "சனிபோனானி" என்றால் 40 பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் பதில் சொல்வார்கள். நான் "குட் மார்னிங்" என்றால் எழுந்திருக்கவே ஒரு நிமிஷம். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். வணக்கம் சொல்லிவிட்டு, எல்லாரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும் வரை ஒரு காகிதத்தைக்கூட அவர் எடுக்கவில்லை. நான் வணக்கம் சொல்லிக்கொண்டே பையைத் திறப்பவன். அவ்வளவுதான் வித்தியாசம். எந்தக் கருத்தரங்கிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு படிப்பில் சொன்னதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஜாய்ஸ், ஷவர்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வகுப்பைப் பார்த்து உதவுவதைப் பல வருஷம் ஆராய்ந்தவர்கள். முதலில், பார்த்தவர் பாடம் முடிந்ததும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பிறகு 1996-இல் எழுதியபோது அதை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கருத்து என்று ஆரம்பித்தால் அது மதிப்பெண் போடுவதாக மாறிவிடுகிறது, கூடி வேலை செய்வது கெட்டுப்போகிறது. அதனால் பாடம் நடத்துகிறவர்தான் கற்றுக்கொடுப்பவர், பார்க்கிறவர்தான் கற்றுக்கொள்பவர் என்று தலைகீழாக மாற்றிவிட்டார்கள். உங்கள் சாக்பீஸ் அக்கா நோட்டு வேண்டாம் என்றது அதே விஷயம். அவர் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை.

எனவே போய் உட்காருங்கள். ஆனால் வெளியே வந்து, "நன்றாக இருந்தது மிஸ், ஆனால் ஒன்று சொல்லட்டுமா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

படிக்கவில்லை. பட்டது.

தெற்குக்கரை வாத்தியார்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காலையில், ஜன்னல் திறக்கும் நேரத்தில், போனேன். முதலில் 7 நிமிஷக் கணக்கைச் சொன்னேன். "நான் பிள்ளைகளை லேட்டாக அனுப்புகிறேன் மிஸ், இன்றிலிருந்து அனுப்பமாட்டேன்." அவர் ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி நின்றார். பதில் சொல்லவில்லை. அவர் எடுக்கும் நேரத்தைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலை இதைப் படித்தால் பல்லைக் கடிப்பார். அப்புறம் கணக்கு வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். "எதற்கு?" என்றார். எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை. "என் வகுப்பில் பேசாத பிள்ளைகள் உங்கள் வகுப்பில் பேசுகிறார்கள், ஜன்னல் வழியாகக் கேட்கிறது" என்றேன். அது உண்மைதான். வாசலில் நின்ற 11 நேரத்தில் கிடைத்த ஒரே லாபம்.

புதன்கிழமை போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். மீதி வரும் வகுத்தல் பாடம். பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: ஒரு மேஜைக்கு 4 பேர், 27 பேருக்கு எத்தனை மேஜை? எழுதியதும் முன்வரிசை கத்தியது, ஆறு, மீதி மூணு. அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அழிப்பானை எடுத்தார். பலகையின் இடது மூலையில் தேதிக்குக் கீழே முந்தின பாடத்துக் கோடு ஒன்று இருந்தது. அதை அழித்தார். மேலிருந்து கீழே, ரொம்ப நிதானமாக, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. அழிக்க வேண்டியது அவ்வளவு இல்லை. அவர் நேரம் கடத்துகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வகுப்பு அமைதியாகிவிட்டது. யாரோ விரல் விட்டு எண்ணும் சத்தம்கூடக் கேட்டது. அப்போது ஜன்னலோர வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏழு, மிஸ். அந்த மூணு பேர் நின்றுகொண்டா சாப்பிடுவார்கள்?"

என் தமிழ்ப் பையன். இந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் "தெரியாது" என்பதைத் தவிர ஒரு தமிழ்ச் சொல் சொல்லாதவன்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சிக்கு அடியிலிருந்து அந்தப் பட்டறைக் கோப்பை எடுத்துத் தூசு தட்டினேன். ஏழாவது பக்கத்திலோ எட்டாவதிலோ இருக்கிறது! மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. அதை 3 நொடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள். பட்டறையில் இதைத் திரையில் காட்டியிருப்பார்கள். நான் அப்போது மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் என் வகுப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். என் குரலைக் கேட்பது ஏற்கெனவே கஷ்டம். "இது என்ன எழுத்து? ழ. சொல்லுங்கள், ழ. மழை என்றால் என்ன? லா ப்ளி. சரி, அடுத்தது." கேள்வியும் நானே, பதிலும் நானே, மொழிபெயர்ப்பும் நானே. பிள்ளைகள் பார்வையாளர்கள். எனக்கு அழிக்கப் பலகையும் கிடையாது, நூலக அலமாரிதான். அதனால் இப்போது கேள்வி கேட்டுவிட்டு அட்டைப் பெட்டியை மூடித் திறக்கிறேன். மூடி இறுக்கமானது, மூன்று நொடி தாராளமாக ஆகும்.

மிஸ்ஸிடம் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவர்தான் சொன்னார், அவனுக்கு அம்மா இல்லை, வீட்டில் பாட்டி, பாட்டிக்குக் காது மந்தம். வீட்டில் மெதுவாகவும் ஒன்றை இரண்டு முறையும் பேசியே பழகிய பையன். சாக்பீஸ் அக்கா எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது, நான் எதிர்பார்க்கவில்லை. பணக் கணக்கு நடத்தும்போது அவர் ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து, "இதில் உங்கள் எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது, என் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்" என்றார். அவர் தமிழர் இல்லை. போனேன். என் ஒன்பது பேரும் 'நூறு' என்று படித்துக்காட்டினார்கள், மற்ற 20 பேரும் வாயைப் பிளந்தார்கள். அப்படியே எண்கள் பக்கம் பேச்சுத் திரும்பியது. பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும், தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும். கிரியோலிலும் அதேதான். தமிழில் எழுபது என்றால் ஏழு பத்து, நேராகப் போய்விடலாம். ஓர் இந்தி வகுப்புப் பிள்ளை, தமிழ் சுலபமாக இருக்கிறதே என்று சொன்னாள். என் பிள்ளைகளில் ஒருத்தி உடனே, "தொண்ணூறு வரட்டும், பார்" என்றாள். அவள் சொன்னது சரி. தொண்ணூறில் 'நூறு' என்று காதில் விழுந்ததும் எல்லாரும் 100 என்றே எழுதுகிறார்கள். அதைச் சரிசெய்ய மிஸ் ஓர் எண்கோடு வரைந்தார், நான் எண்பதிலிருந்து நூறு வரை அட்டை ஒட்டினேன். இருவரும் சேர்ந்து நடத்திய பாடம் என்று சொல்ல முடியாது, 15 நிமிஷம்தான். ஆனால் அந்தக் கோடு இன்னும் அவர் சுவரில் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி: வீட்டுப்பாடத்தை வகுப்பின் தொடக்கத்திலேயே எழுத வைத்துவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு நிமிஷம், அதற்கு மணி பார்க்க ஒரு பிள்ளை, அவள் என்னைவிடக் கண்டிப்பு. 2 நிமிஷத்துக்கு மேல் தாமதமில்லை. "தி மினித்" இரண்டு வாரமாகக் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மாதிரித் தேர்வு, நேரம் வேண்டும் என்றார். ஆனால் புதன்கிழமையே சொன்னார், வெள்ளிக்கிழமை திருப்பியும் கொடுத்தார். கொடுத்தது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரம், பாதிப் பேர் தூங்கினார்கள். பரவாயில்லை.

துணைத் தலைமையாசிரியர் விஷயம் மாறவில்லை. போன வாரமும் மூன்று முறை என்னை வேறு வகுப்புக்கு அனுப்பினார். அதற்கு மட்டும் கறிவேப்பிலை சொன்னபடி எழுத்தில் கொடுத்துவிட்டேன், ஒரே பக்கம். எந்த நாள், எந்த வகுப்பு, எந்தத் தமிழ் நேரம் போயிற்று, அவ்வளவுதான். குறை எதுவும் எழுதவில்லை. பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தை மிஸ்ஸிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டார், நல்ல வேளை.

கறிவேப்பிலை

பல்லைக் கடிக்கவில்லை. கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்று வந்து சொல்லுங்கள், மறந்துவிடாதீர்கள்.

ஆறாம் கிரேடு அக்கா

உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியரிடம் எட்டு நிமிஷக் கதையைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நினைத்தேன்! 14 தேதி.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்

தம்பி, அந்த எண்பது முதல் நூறு வரையான அட்டைகளை எனக்கு அனுப்பு. கோவிலில் சனிக்கிழமை மாலை வகுப்பு எடுக்கிறேன், இங்கேயும் தொண்ணூறில்தான் வண்டி குடை சாய்கிறது.

தெற்குக்கரை வாத்தியார்

அனுப்புகிறேன் அக்கா. திங்கட்கிழமை வரை பொறுங்கள், தொண்ணூறு அட்டையில் நானே ஒரு ணகரத்தை விட்டு 'தொணூறு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு வாரமாகச் சுவரில் இருக்கிறது. கண்டுபிடித்தது அந்தப் பையன்.